ஏழாவது ஆள்

நான் கால் வைத்தே பார்க்காத ஓர் ஊருக்காக எட்டு வருடமாக வலைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். அது என் கணவரின் ஊர். கிழக்கிலங்கையில், கடலுக்கும் களப்பு என்னும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கிறது என்பார்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்: ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், கண் கூசும் மணல். அந்த ஊரிலிருந்து சுவிஸுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒரு விளையாட்டுக் கழகம் வைத்திருக்கிறார்கள். இங்கே தமிழர்கள் நடத்தும் லீக் அப்படித்தான், ஊருக்கு ஒரு கழகம். அதில் ஆட வேண்டுமென்றால் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லை தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டும். நான் கடைசி ரகம். தாலி ஏறிய மாதமே கழகத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டார்கள். குடும்பத்துக்கு வந்த மருமகள் உயரமானவள் என்பது எல்லோருக்கும் அத்தனை சந்தோஷம்.

வலைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். நெஞ்சிலும் முதுகிலும் எழுத்துப் போட்ட கையில்லாத மேற்சட்டை ஒன்றை எல்லோரும் மாட்டிக்கொள்வோம், அதற்குப் பெயர் பிப். நான் கோல் சூட்டர். வளையத்தின் கீழ் நின்று பந்தை உள்ளே போடுவது என் வேலை. எங்கள் கழகத்தில் ஆடக்கூடிய பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு முழங்கால் போனது. மிச்சம் ஏழு. ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஏழே பேர் இருக்கும் அணியில் இருப்பது எப்படி என்று, இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காய்ச்சல் வரக்கூடாது. வேலையிடத்தில் ஆள் குறையக்கூடாது. சொந்தக்காரர் யாரும் ஞாயிற்றுக்கிழமை கலியாணம் செய்யக்கூடாது.

கழகத்தின் தலைவரும் பயிற்சியாளரும் என் கணவரின் அண்ணன். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அகதியாக முதலில் வந்தவர் அவர்தான். பிறகு தம்பியை எடுப்பித்தார், வேலை தேடிக் கொடுத்தார், எனக்கும் தம்பிக்கும் கலியாணம் பேசி முடித்தவரும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. என் கணவர் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மலை ரயில் பிடித்து ஓர்லிகோனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் இல்லாத நாட்களில் அண்ணனுக்கு இல்லை என்று சொல்லாமல் இருக்கும் வேலையும் என் தலையில்தான்.

அத்தான் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்ட மனிதரோடு சண்டை பிடித்துவிட்டுப் போய்விடலாம். இவர் மழையோ பனியோ எல்லோரையும் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குவார். தண்ணீர்ப் போத்தல் நிரப்புவார். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக இருத்திப் பேசுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓர் ஆட்டத்தில்தான் வந்து முடியும். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஆட்டம் அது. நான் வயிற்று நோவோடு நின்று ஆடி வென்றுகொடுத்தது.

“வயித்தைப் பொத்திக்கொண்டு நிண்டவ. முகம் வெளிறிப்போச்சுது. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பொறுப்பெண்டால் உப்பிடி இருக்கவேணும்” என்பார்.

அன்று எடுத்த படம்தான் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு முகப்புப் படம். பச்சைச் சட்டையில் நடுவில் நான் நிற்கிறேன், ஒரு கை கோப்பையில், ஒரு கை அடிவயிற்றில். குழுவில் யார் எது எழுதினாலும் அந்தப் படம் மேலே நிற்கும். இடைவேளையில் தின்ன ரோல்ஸ் யார் கொண்டுவருவது என்ற செய்திக்கு மேலேயும் நிற்கும்.

இந்த வருடம் லீக்கில் இரண்டாம் பிரிவில் நாங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தோம். மிச்சம் இருக்கும் ஆட்டங்களை வென்றால் முதல் பிரிவுக்கு ஏறலாம். ஊர்க் கழகம் இதுவரை ஏறியதே இல்லை. அத்தானுக்குக் கண்ணில் அது ஒன்றுதான் தெரிந்தது. அதே நேரத்தில்தான் எனக்குத் தெரிவணியிலிருந்து அழைப்பு வந்தது.

தெரிவணி என்பது சுவிஸில் இருக்கும் எல்லாத் தமிழ்க் கழகங்களிலிருந்தும் ஆள் எடுத்துச் சேர்க்கும் அணி. ஐரோப்பாவில் மற்ற நாட்டுத் தமிழ் அணிகளோடு போட்டிக்குப் போகும். முன்பு இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் கழகம், வேலை என்று சொல்லித் தட்டிவிட்டேன். இப்போது எனக்கு முப்பத்துநாலு. தெரிவணிக்குப் பயிற்சி கொடுப்பவர் கோயம்புத்தூர்க்காரி. இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். ஊர்க் கழகம், ஊர்ப் பொறுப்பு என்பதெல்லாம் அவருக்கு விளங்காது, விளங்கிக்கொள்ளவும் விருப்பமில்லை.

“இங்க பாருங்க, எந்த ஊரு, யாரு மருமக, அதெல்லாம் வெளியில செருப்போட விட்டுட்டு வாங்க” என்று முதல் நாளே சொன்னார். எனக்குத் தனியாகச் சொன்னது வேறு. “அடுத்த வருஷம் உங்க காலு இப்படி எழும்பாது. இதான் உங்களுக்குச் சான்ஸ்.”

எனக்கு அந்த இடம் வேண்டும். மனதார, வெறியோடு வேண்டும். ஏன் என்று மூடி மறைக்க ஒன்றுமில்லை. கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. கழகத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்க ஓர் ஆள் ரோல்ஸ் தட்டோடு காத்திருக்கும். தெரிவணியில் யாருக்கும் என் வீட்டு விஷயம் தெரியாது. அங்கே நான் கையை மேலே நீட்டினால் பந்து வரும். அவ்வளவுதான். அந்த இரண்டு மணித்தியாலம் மூச்சு விடலாம்.

ஆனால் ஞாயிறுகள் வேண்டுமே. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஒன்றுவிட்ட வார இறுதி எனக்கு வேலை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் கையில். கழகப் பயிற்சி ஞாயிறு காலை, ஓர்லிகோனில் பள்ளிக்கூட உள்ளரங்கில். தெரிவணிப் பயிற்சியும் ஞாயிறு காலைதான், ஆரா என்ற வேறு நகரத்தில். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருபவர்களுக்கு அது நடுவாம். எனக்கு எது நடு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தானுக்கு எப்படியோ காற்றுவாக்கில் விஷயம் எட்டியிருக்க வேண்டும். ஒரு பயிற்சி முடிவில், என் முகத்தைப் பாராமல் பொதுவாகச் சொன்னார்.

“லீக் முடியுமட்டும் ஒருத்தரும் தெரிவணிக்குப் போறேல்லை. சுவிஸ் அணி எங்கையும் ஓடிப்போகாது. எங்கடை கழகம் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த ஓய்வு ஞாயிறு யாருக்கும் சொல்லாமல் ஆராவுக்கு ரயில் ஏறினேன். கணவருக்கு மட்டும் தெரியும். “பாத்துச் செய்யும்” என்றார். அவருடைய வீரம் எப்போதும் அந்த அளவோடு நிற்கும்.

ஆறு பேரோடு பயிற்சி நடத்திவிட்டு அத்தான் தம்பிக்கு ஃபோன் அடித்திருக்கிறார். என்ன, இவ வரவும் இல்லை, ஃபோனும் எடுக்கவில்லை என்று கேட்டாராம். அந்த நேரம் என் கணவர் ஹோட்டலில் பகல் சாப்பாட்டு அவசரத்தில் நின்றிருக்கிறார். பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அவவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை அண்ணை. கனக்கக் கேளாதேங்கோ.”

கனக்கக் கேளாதேங்கோ. எங்கள் சனத்திடம் போய் இந்த இரண்டு சொல்லைச் சொல்லலாமா? எட்டு வருடமாகப் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு வீடு. துள்ளிக் குதித்து ஆடும் மருமகள் காரணம் சொல்லாமல் ஆட வரவில்லை. புருஷன் கேட்க வேண்டாம் என்கிறான். மூன்று மாதம் முடியுமட்டும் வெளியே சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும், யாரும் கேட்கவும் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. ஆகவே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் கதவடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே மாங்காய், தேசிக்காய் ஊறுகாய், இடியப்பம், பால்சொதி. அத்தானின் மனைவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரை நான் அக்கா என்பேன். செவ்வாய்க்கிழமை எங்கள் அணியில் நடுவில் ஆடுபவள் தன் வீட்டுக் குழந்தைக் கட்டில் சும்மா கிடக்கிறது என்று சம்பந்தமில்லாமல் ஒரு செய்தி அனுப்பினாள். புதன்கிழமை அத்தானே ஃபோன் எடுத்தார். எட்டு வருடத்தில் அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

“தங்கச்சி, நீர் இனி வரவேண்டாம். நாங்கள் ஆறு பேரோடை சமாளிப்பம். பாரம் ஒண்டும் தூக்காதையும்.”

பாரம் என்றதும்தான் எனக்குப் புரிந்தது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த நிமிடமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப ஞாயிற்றுக்கிழமை எங்கை போனனீர்? “சரி அத்தான்” என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. யாரும் பயிற்சிக்கு வா என்று கூப்பிடவில்லை. ஓய்வு ஞாயிறுகளில் நிம்மதியாக ஆராவுக்குப் போனேன். எட்டு வருடத்தில் முதல்முறையாக விசேஷம் இல்லையோ என்று யாரும் கேட்கவில்லை. தமிழ்க் கடையில் எனக்குத் தெரியாத ஒரு மனுசி வரிசையில் முன்னால் விட்டார். எத்தனை வருடமாக நான் பட்டது, ஆதாரமில்லாத ஒரு பேய்க்கதையால் ஒரே நாளில் மாறிவிட்டது. அந்த மரியாதையை அனுபவித்தேன், அனுபவித்ததற்காக எரிச்சலும் பட்டேன்.

பிறகு ஊரிலிருந்து மாமியார் வீடியோவில் வந்தார். கண் முழுக்கத் தண்ணீர். ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறாராம், ஐயரிடம் நூல் ஓதி வாங்கி, இங்கே வருகிற ஓர் ஆளிடம் கொடுத்துவிடுகிறாராம். நான் திரையைப் பார்த்துச் சிரித்தேன். கன்னம் நொந்தது. கழகத்துக்குப் போனால் பொய், தெரிவணிக்குப் போனால் பொய், வீட்டில் கிடந்தாலும் பொய். என்ன கோதாரியில் என்னை மாட்டிவிட்டார் இந்த மனிதர் என்று கணவரை நினைத்துத் திட்டினேன்.

லீக்கின் கடைசி ஆட்டமும் தெரிவணியின் கடைசிப் பயிற்சியும் ஒரே ஞாயிறில் வந்தன. அதிசயம் ஒன்றுமில்லை, ஞாயிறு விட்டால் எங்கள் சனத்துக்கு வேறு நாள் ஏது? அன்றைக்குத்தான் அணியைத் தேர்வு செய்வேன், வராதவர் பெயர் வராது என்று கோயம்புத்தூர்க்காரி சொல்லிவிட்டார். முதல் நாள் சனிக்கிழமை என் கணவர் எங்கடினிலிருந்து வந்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, இதை எப்படி முடிப்பது என்று கேட்டேன்.

அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நீர் ஏன் யோசிக்கிறீர்? நாளைக்குப் போய் விளையாடும். இன்னும் ஒரு மாசம் விட்டிட்டு, கலைஞ்சு போச்செண்டு சொல்லுவம். எல்லாருக்கும் நடக்கிறதுதானே.”

அவருக்கு நினைவில்லாமல் இல்லை. சொல்லி முடித்ததும் கை நின்றுவிட்டது, தண்ணீர் மட்டும் ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு உண்மையாகவே கரு தங்கியிருந்தது. மூன்று மாதம் முடியவில்லை, அதனால் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை அது இல்லாமல் போனது. அவர் மலையில், நான் இங்கே தனியாக. டாக்டர் இரண்டு கிழமை ஓய்வெடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அத்தான் வானோடு கீழே வந்து நின்று ஹோர்ன் அடித்தார். ஏழு பேரில் நான் ஏழாவது. இருப்பதைச் சொல்லாதபோது இழந்ததை எப்படிச் சொல்வது? இறங்கிப்போய் வானில் ஏறினேன்.

முதல் பாதியில் நோ தாங்கவில்லை. வலைப்பந்தில் ஏலாமல் போனால் கையை உயர்த்த வேண்டும். பயிற்சியாளர் நடுவருக்குச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி ஆளை வெளியே எடுப்பார். நான் கையை உயர்த்தினேன். அத்தான் கோட்டுக்கு வெளியே நின்று, நில்லும், நில்லும் என்று உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் உயர்த்தினேன். அவர் மற்றப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஆடி முடித்தேன். அந்த ஆட்டம்தான் அவர் ஒவ்வொரு கிழமையும் சொல்லும் ஆட்டம். அந்தப் படம்தான் முகப்பில் இருக்கும் படம்.

“அதை ஒருக்காக் கூடச் சொல்ல எனக்கு வாய் கிடைக்கேல்லை. இப்ப இல்லாததுக்கு ஊரைக் கூட்டி அழச்சொல்லுறீங்களோ?” என்று கேட்டேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

ஞாயிறு காலை ஓர்லிகோன் ஸ்டேஷனில் ஆராவுக்குப் போகிற ரயிலுக்கு நின்றேன். தோளில் பை, உள்ளே தெரிவணியின் சிவப்புச் சட்டை. அக்கா ஃபோன் எடுத்தார். பின்னால் பந்து தட்டும் சத்தம் கேட்டது.

“தங்கச்சி, நீர் ஆறுதலாப் படும். நாங்கள் ஹோலுக்கு வந்திட்டம். மாமி குடுத்துவிட்ட நூல் வந்திட்டுது. மட்ச் முடிய எல்லாருமா உங்கடை வீட்டை வாறம். நானே கட்டிவிடுறன்.”

ரயில் வந்து கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். என்னால் ஏற முடியவில்லை. கழகத்தின் மேல் வந்த பாசம் அல்ல அது. அந்த நூலைக் கையில் கட்டிக்கொள்ள என்னால் முடியாது. அது ஒன்றுதான் எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. ரயில் போனது. நான் ட்ராம் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அரங்குக்குள் எங்கள் ஆறு பேரும் பச்சைப் பிப் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் தொடங்குமுன் மற்ற அணி ஏழு பேராக ஓடிச் சூடேறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அத்தான் ஓடிவந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“தங்கச்சி, என்னத்துக்கு வந்தனீர்? கதவடியிலை காத்தடிக்குது, இஞ்சாலை வந்து இரும்.”

“என்ரை பிப்பைத் தாங்கோ அத்தான். நான் விளையாடப்போறன்.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“எனக்கு வயித்திலை ஒண்டும் இல்லை.”

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளரங்கில் மெதுவாகச் சொல்வது என்று ஒன்று கிடையாது. பந்து தட்டுவது நின்றது. அக்கா வந்து என் தோளைப் பிடித்தார், பிடித்தபடியே அழத் தொடங்கினார். நடுவில் ஆடுபவளும் அழுதாள். “எப்பவடி? எப்ப நடந்தது?” என்று அக்கா கேட்டார். அப்போது நான் ஓம், போன கிழமை என்று சொல்லியிருந்தால் என் கணவர் போட்ட திட்டம் அப்படியே நடந்திருக்கும். தெரிவணி, கழகம், அண்ணன், தம்பி எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும்.

“இப்ப இல்லை அக்கா. இப்ப ஒண்டும் இருக்கேல்லை. நீங்களாத்தான் நினைச்சனீங்கள். நான் ஆராவுக்குத் தெரிவணிக்குப் போனனான். நடந்தது ரண்டு வருசத்துக்கு முன்னம். வியாழக்கிழமை நடந்தது, ஞாயிற்றுக்கிழமை இஞ்சை விளையாடினனான். உந்தக் குரூப்பிலை போட்டிருக்கிற படம், அண்டைக்குத்தான்.”

அக்காவின் கை என் தோளிலேயே இருந்தது. ஒருத்தி தன் ஃபோனைப் பார்த்தாள், உடனே திருப்பி வைத்தாள். நடுவர் விசிலை ஊதி, அணிகள் தயாரா என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தில் ஒட்டியிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை காற்சட்டைப் பைக்குள் வான் திறப்புக் கொத்தைத் தேடுவது தெரிந்தது.

“ஆராவிலை எத்தினை மணிக்குத் தொடங்குது?” என்று கேட்டார்.

“தொடங்கியிருக்கும். அது போகட்டும் அத்தான். நான் விளையாடத்தான் வந்தனான்.”

“இல்லை. இண்டைக்கு நீர் இஞ்சை விளையாடக்கூடாது. வாரும், கொண்டுபோய் விடுறன்.”

ஒருத்தி, “அப்ப நாங்கள்?” என்றாள். “ஆறு பேரோடை விளையாடுங்கோ” என்று அக்காவின் கையில் போத்தல் பெட்டியைக் கொடுத்துவிட்டு நடந்தார். அப்போதும் முடிவெடுத்தது அவர்தான், கவனித்தீர்களா? நான் வந்தது எதற்கு என்று நானே சொன்ன பிறகும், என்னை எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவரே முடிவெடுத்தார். எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. அவர் பின்னால் போய் வானில் ஏறினேன்.

அத்தான் துப்புரவு வேலை எடுத்துச் செய்பவர். வானுக்குள் நிலம் துடைக்கும் மருந்து மணக்கும், வளைவுகளில் பின்னால் வாளிகள் உருளும். நெடுஞ்சாலையில் குப்றிஸ்ற் சுரங்கப்பாதைக்குள் நுழைந்த கொஞ்சத்தில் முன்னால் இருந்த வாகனங்கள் எல்லாம் நின்றன. எங்கோ ஒரு விபத்தாம், ரேடியோவில் சொன்னார்கள், பிறகு சுரங்கத்துக்குள் ரேடியோவும் இரைந்தது. அவர் அதை நிறுத்தினார். பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது. மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

“அண்டைக்கு நீர் கையைத் தூக்கினனீர்” என்றார்.

நான் திரும்பவில்லை. “ஓம். ரண்டு தரம்.”

“கண்டனான்.”

“ரண்டாந்தரமும் கண்டனீங்களோ?”

“ஓம். கண்டிட்டுத்தான் மற்றப் பக்கம் பாத்தனான். உம்மை எடுத்தால் தோத்துப்போவம் எண்டு.”

இரண்டு வருடமாக, அவர் கவனிக்கவில்லை என்று நினைத்து நான் என்னைத் தேற்றி வைத்திருந்தேன். வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. சுரங்கத்துக்குள் பூட்டிய வானில் கத்தி என்ன? அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவன் ஹோர்ன் அடித்தான். முன்னால் வாகனம் நகர்ந்திருந்தது.

ஆராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்துகளை வலைப்பையில் கட்டிவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரி என்னையும், என் பின்னால் வாசலில் நின்ற அத்தானையும் பார்த்தார். “சாரிங்க. டீம் சொல்லிட்டேன்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தான் முன்னால் வந்து, பிழை தன்னுடையது, தான்தான் மறித்தது என்று சொல்லத் தொடங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்தப் பக்கம் ஆறு பேரோடு ஆடிய எங்கள் கழகம் தோற்றது. முதல் பிரிவுக்கு ஏறவில்லை. தெரிவணி நான் இல்லாமல் போட்டிக்குப் போய் வந்தது.

குழுவின் முகப்புப் படத்தை அன்றே யாரோ எடுத்துவிட்டார்கள். இப்போது ஊர்க் கோயிலின் படம் இருக்கிறது. என் கணவர் எங்கடினிலிருந்து ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டு எழுதினார், மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. மாமியாரிடம் உண்மையை அவர்தான் சொன்னார், நான் சொல்ல மாட்டேன் என்று விட்டுவிட்டேன். விசேஷம் இல்லையோ என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நான் அரங்குக்குள் வந்தால் சத்தம் கொஞ்சம் குறைகிறது. அதுவும் பெரிய நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.

ஆம், இன்னும் கழகத்தில்தான் இருக்கிறேன். ஏழு பேர் என்ற கணக்கு மாறவில்லையே. பயிற்சி முடிவில் அத்தான் பொறுப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே நின்று பந்தைப் பார்ப்பதில்லை, எங்கள் கைகளைப் பார்க்கிறார். போன மாதம் ஒருத்தி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், அதற்கே நடுவரைக் கூப்பிட்டுவிட்டார்.

போன ஞாயிறு நாங்கள் வென்றுகொண்டிருந்த ஆட்டம். இரண்டாம் பாதி, பந்து என் கைக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு நோவும் இல்லை, களைப்பும் இல்லை. ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வளையத்தின் கீழ் நின்றுகொண்டு கையை உயர்த்தினேன். விசில் கேட்டது. அத்தான் ஒன்றும் கேட்கவில்லை, எங்கே நோ என்று கூடக் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், கதிரையை இழுத்துப் போட்டார். ஆறு பேரோடு ஆட்டம் தொடர்ந்தது. நான் பிப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அந்தக் கதிரையில் இருந்து அழுதேன்.